காற்றில்லாத திடலில் ஜெனிற்றா

போன சனிக்கிழமை எங்கள் பிள்ளைகள் முதன்முறையாகக் கூரை போட்ட கூடைப்பந்துத் திடலுக்குள் கால் வைத்தார்கள். பக்கத்து மாவட்டத்து உள்ளரங்கு. பளபளவென்று மரத்தளம். வாசலில் நின்று பார்த்துவிட்டுப் பாதிப் பேர் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள் — கோயிலுக்குள் போவதுபோல!

போட்டுக்கொண்டுதான் விளையாட வேண்டும் என்று நான் சொல்லி விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. அப்போது எனக்குச் சிரிப்பு. அரை மணித்தியாலத்தில் அந்தச் சிரிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை.

வழமையாக இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு எங்கள் அணியைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் சுருக்கமாக: பகலில் எனக்குக் கந்தோரில் மேசை வேலை. பின்னேரம் மன்னார்த் தீவில், பத்தொன்பது வயதுக்கு உட்பட்ட பெண்பிள்ளைகளுக்குக் கூடைப்பந்துப் பயிற்சி. சம்பளம் கிடையாது, தொண்டை கட்டிப்போகும். ஊரில் அரைவாசிப் பேர் இன்னமும் "நெட்போல் எப்பிடிப் போகுது, பிள்ளை?" என்றுதான் விசாரிக்கிறார்கள். திருத்திப் பார்த்தேன். களைத்துப்போய் விட்டுவிட்டேன்.

எங்கள் திடல் கடற்கரையை ஒட்டியது. ஒரு கம்பம்தான் நிற்கிறது. மற்றது உப்புக்காற்றில் இற்று விழுந்துவிட்டது. ஆகவே எல்லோரும் ஒரே வளையத்தைப் பார்த்துத்தான் எறிய வேண்டும். சோளகக் காற்றுக்காலம் தொடங்கிவிட்டால் பின்னேரங்களில் இடப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கும்... அடிக்கும் என்றால் சும்மா இல்லை. பந்தையும் தள்ளும், ஆளையும் தள்ளும்.

தொடக்கத்தில் நான் 'அணிப் பண்பாடு' பற்றி இணையத்தில் பார்த்த காணொளிகளுக்குக் கணக்கில்லை. ஒற்றுமை, ஒழுக்கம், உழைப்பு என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். மறுநாள் போய்ப் பார்த்தால் சுவர் இருந்தது. ஒற்றுமையைக் காற்றுக் கொண்டுபோய்விட்டது.

பண்பாடு பிறகு வந்தது, தும்புத்தடியோடு.

ஒவ்வொரு நாளும் பயிற்சிக்கு முன்னால் திடலில் ஏறிக் கிடக்கும் மணலைக் கூட்டித் தள்ள வேண்டும். ஒருநாள் ஜெனிற்றா மதிலில் ஏறி இருந்துகொண்டு சின்னப் பிள்ளைகள் கூட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் அணியின் பெரிய எறிகாரி அவள். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று எறிந்தாலும் கூடைக்குள் விழும். முதல்நாள் போட்டியில் அதிகப் புள்ளி அவளுடையது. அடம்பனில் இருந்து பஸ் ஏறி வருகிற சர்மிளா — எங்கள் அணியில் ஆக நெட்டை அவள்தான் — தும்புத்தடியை நேரே கொண்டுபோய் அவள் மடியில் வைத்தாள்.

"நேற்று ராணி மாதிரி விளையாடினனீ எல்லே. இண்டைக்குக் கூட்டு."

ஜெனிற்றா இறங்கி வந்து கூட்டினாள். அன்று முதல் அதுவே சட்டம்: போட்டியில் யார் அதிகப் புள்ளி எடுக்கிறாளோ, அடுத்த பயிற்சியில் தும்புத்தடி அவளுக்கு. நான் போட்ட சட்டமில்லை. அதனால்தான் நிலைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம்.

அன்றைக்கு மாகாண அணிக்கு ஆள் எடுக்கத் தேர்வாளர் ஒருவர் வந்திருந்தார். முன் வரிசைக் கதிரையில், கால் மேல் கால் போட்டுக்கொண்டு. ஜெனிற்றாவைப் பற்றி அவருக்கு முன்பே சொல்லியிருந்தேன். அவளுக்கு இந்த வருடத்தோடு வயதெல்லை முடிகிறது. இதை விட்டால் மாகாண அணிக்கு இன்னொரு சந்தர்ப்பம் இல்லை. அவளுக்கும் தெரியும். வரும்போது பஸ்ஸில் சப்பாத்து நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டே வந்தாள். வாய் ஓயாத பிள்ளை!

போட்டி தொடங்கியது. ஜெனிற்றா எறிந்தாள். வளையத்துக்கு இடப்பக்கம் போனது. திரும்ப எறிந்தாள். இடப்பக்கம். மற்றவர்கள் எறிந்தார்கள்... அதுவும் இடப்பக்கம். பதற்றம் என்று நான் முடிவு கட்டினேன். வேறென்ன? புது இடம், கூட்டம், தேர்வாளர். ஓரத்தில் நின்று மூச்சை இழுத்து விடச் சொல்லிக் கத்தினேன். மூச்சு விட்டார்கள். பந்து விழவில்லை.

இடைவேளையில் பதினொரு புள்ளி பின்தங்கியிருந்தோம். நான் மனத்தைரியம் பற்றி ஒரு பிரசங்கம் தொடங்கினேன். நல்ல பிரசங்கம்தான் — காணொளியில் பார்த்தது. ஆனால் ஜெனிற்றா கேட்கவில்லை. எழுந்து திடலின் நடுவுக்குப் போனாள். சுட்டுவிரலை நாக்கில் நனைத்து மேலே தூக்கிப் பிடித்தாள். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா... இஞ்ச காத்தே இல்லை."

எனக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. பிறகு தலையில் கை வைத்தேன். மாதக்கணக்காக, காற்று வலப்பக்கம் தள்ளும் என்று, ஒருவரும் சொல்லிக் கொடுக்காமலே எல்லோரும் இடப்பக்கம் பார்த்து எறிந்து பழகியிருக்கிறார்கள். மனம் அல்ல, கை பழகியிருக்கிறது. இங்கே காற்று இல்லை. பந்து எறிந்த இடத்துக்கே ஒழுங்காகப் போகிறது... இடப்பக்கத்துக்கு!

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பதினொரு புள்ளி பின்னால் நிற்கிற அணி இப்படிச் சிரித்ததை எதிரணி பார்த்திருக்காது.

நேரே எறியச் சொன்னேன். சொல்வது சுகம். ஜெனிற்றா மூன்று பந்து எறிந்து பார்த்தாள். ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம், ஒன்று வளையத்துக்கே எட்டவில்லை. கை கேட்கமாட்டேன் என்கிறது. பத்து நிமிடத்தில் மாறுகிற பழக்கமா அது?

அவள் பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"இனி நான் எறிய மாட்டன், அக்கா. சர்மி வளையத்துக்குக் கீழ நிக்கட்டும். நான் குடுக்கிறன். கிட்ட நிண்டு போட்டால் பிழைக்காது."

நான் முன்வரிசையைப் பார்த்தேன். குரலைத் தாழ்த்தினேன். "அவர் உன்ர எறியைப் பாக்கத்தான் வந்திருக்கிறார், தெரியுமோ?"

"தெரியும்."

"பிறகு?"

"ஆரைப் பாத்தாலும் எங்கட பிள்ளையைத்தானே பாக்கப்போறார்."

அவ்வளவுதான். தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டாம் பாதியில், இவளுக்குத்தான் எறி விழவில்லையே என்று எதிரணி அவளைக் காவல் காப்பதை விட்டுவிட்டது. அது அவர்கள் விட்ட பிழை. ஆளில்லாமல் நின்றவளுக்குத் திடல் முழுவதும் தெரிந்தது. நிலத்தில் குத்தி ஒரு பாஸ், தலைக்கு மேலால் ஒரு பாஸ், பார்க்காமலே பக்கவாட்டில் ஒன்று. எல்லாம் சர்மிளாவின் கைக்கு. சர்மிளா வாங்கினாள், திரும்பினாள், போட்டாள். புள்ளி ஏறிக்கொண்டே வந்தது.

கடைசி நொடிகள். இரண்டு அணியும் சமன். பந்து ஜெனிற்றாவின் கையில். முன்னால் ஒருவரும் இல்லை. வளையம் திறந்து கிடக்கிறது. "எறி!" என்று ஒரு குரல் கத்தியது. யார் என்று கேட்கிறீர்களா? நான்தான்! விட்டுக்கொடுத்தல் பற்றி வாரம் தவறாமல் பாடம் எடுக்கிற அதே நான்.

அவள் எறியவில்லை. காவலுக்கு நின்ற இரண்டு பேரின் நடுவால் பந்தைச் செருகிக் கொடுத்தாள். சர்மிளா போட்டாள். விசில்.

வென்றோம். அன்றைக்கு ஒன்று விளங்கியது: பயிற்றுநர் பிழையாகக் கத்தும்போதும் பிள்ளைகள் சரியானதைச் செய்கிறார்களே, அதற்குத்தான் அணிப் பண்பாடு என்று பெயர்.

பின்னேரம் மாகாண அணிக்குப் பெயர்கள் வாசித்தார்கள். சர்மிளாவின் பெயர் வந்தது. ஜெனிற்றாவின் பெயர் வருமென்று காத்திருந்தோம். வாசித்து முடிந்துவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. தேர்வாளரிடம் ஓடிப்போய்க் காற்று, கம்பம், கை என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிசன்.

"கெட்டிக்காரப் பிள்ளைதான், தங்கச்சி. ஆனா எறியிற ஆள் வேணுமெண்டுதான் வந்தனான். இண்டைக்கு அவள் எறிஞ்சது ஒண்டும் விழேல்லையே. காணாததைக் கண்டனெண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?"

அவரில் என்ன பிழை?

திரும்பி வரும் வழியில் பஸ்ஸின் பின் ஆசனத்தில் விசும்பல் கேட்டது. ஜெனிற்றாவாக இருக்கும் என்று எழுந்து போனேன். அழுதுகொண்டிருந்தது சர்மிளா. தன் இடம் அவளுடையது என்றும், தான் போகப்போவதில்லை என்றும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜெனிற்றா அவள் மண்டையில் ஒரு குட்டு வைத்தாள். அவள் கண்ணும் சிவந்துதான் இருந்தது. அதை நான் பார்க்காததுபோல நின்றேன்.

"ஏன்டி அழுறாய்? நான் குடுத்த பந்தாலதானே உன்னை எடுத்தவை. அதில அரைவாசி நான். போய் ஒழுங்கா விளையாடு. என்ர மானத்தை வாங்கிப்போடாதை."

சர்மிளா அழுதுகொண்டே சிரித்தாள். நான் முன் ஆசனத்துக்குத் திரும்பி வந்து யன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டேன். தோற்றவளைப் பார்த்து ஒருத்திக்கு இவ்வளவு பெருமை வருமா? வந்தது. ஏன், அவள் தோற்றாளா என்ன?

தேர்வாளர் சேர், இந்தப் பக்கம் உங்கள் கண்ணில் பட்டால் சோளகம் அடிக்கிற ஒரு பின்னேரம் மன்னாருக்கு வாருங்கள், அவள் எறிவதைக் காட்டுகிறேன் — தொப்பி மட்டும் போட்டுக்கொண்டு வராதீர்கள்.