முதல் பீரியடும் கடைசி பீரியடும்

1. டைம்டேபிள்

எலெக்ட்ரிகல் டிப்ளமா முடித்துவிட்டு, சங்கரன்கோவிலில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் எரிந்துபோன மோட்டாருக்குப் புதிதாகக் கம்பி சுற்றும் ரீவைண்டிங் தொழிலைச் சொல்லித்தரும் பகுதிநேர ஆசிரியையாகச் சேர்ந்தேன். பிளஸ் டூ வந்த புதிது. படித்த பிள்ளைகள் வேலைக்கு அலையக்கூடாது, கையில் ஒரு தொழில் இருக்கட்டும் என்று அரசாங்கம் தொழிற்பிரிவைத் தொடங்கியிருந்தது. எங்களுக்கு நாளுக்கு இரண்டு மணி நேர வேலை, கொஞ்சம் சம்பளம். மீதி நேரத்தில் சொந்தத் தொழிலைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

சேர்ந்த அன்று டைம்டேபிளைக் கொடுத்தார்கள். எனக்கு முதல் பீரியடும் கடைசி பீரியடும் போட்டிருந்தது.

2. அண்ணாச்சி கடை

பிள்ளைகளின் பயிற்சிக்குப் பழைய காப்பர் கம்பி கேட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த ரீவைண்டிங் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி ஒரு விசைத்தறி மோட்டாரைப் பிரித்து வைத்துக்கொண்டு திட்டிக்கொண்டிருந்தார். யாரோ கனெக்‌ஷனை மாற்றிக் கொடுத்திருந்தார்கள். உள்ளே கம்பி சுற்றியிருக்கும் ஸ்டேட்டரைப் பார்த்து, எந்தக் கம்பிச்சுருள் எதோடு சேர வேண்டும் என்று ஒரு தாளில் வரைந்து கொடுத்தேன். மோட்டார் ஓடியது.

"டீச்சர், பள்ளிக்கூடத்துல ரெண்டு மணி நேரந்தான சோலி? மத்தியானத்துக்கு மேல இங்கன வந்துருங்க. மாசச் சம்பளம் பேசிக்கிடுவோம்" என்றார்.

"பதினோரு மணியிலிருந்து மூணு மணி வரைக்கும் வரலாம், அண்ணாச்சி. அப்புறம் கிளாஸ் இருக்கு."

"அது தோதுப்படாதே. வாசுதேவநல்லூர்க்காரன் பம்புசெட் மோட்டாரைச் சாயந்தரந்தான் எடுக்க வருவான். ஓட்டிக் காட்டுனாத்தான் பஸ்ஸுல ஏத்துவான். நீங்க பெல் அடிச்சிட்டுன்னு ஓடிட்டா, அவன்ட்ட நான் என்னத்தச் சொல்ல?"

இரண்டு பீரியடும் காலையில் கிடைத்தால் இரண்டு வேலையும் எனக்கு.

3. ஹெட்மாஸ்டர் அறை

இரண்டு பீரியடையும் காலையிலேயே போடச் சொல்லி ஹெட்மாஸ்டரிடம் கேட்டேன். அவர் சிரித்தார்.

"கடைசி பீரியட யார் தலையில கட்டச் சொல்லுதீங்க? கணக்கு சார்ட்ட குடுத்தா வகுப்பே தூங்குது. உங்க கிளாஸ்ல சுத்தியல் சத்தத்துல எவனும் கண்ணசர முடியாது."

கணக்கு சாரும் அங்கேதான் இருந்தார். "எனக்கும் ஒரு சுத்தியல் வாங்கிக் குடுங்க சார்" என்றார்.

சிரிப்பு அடங்கியதும் ஹெட்மாஸ்டர் சொன்னார்: "அவசரப்படாதீங்கம்மா. என்னைக்காவது முழுநேரமாக்குவாங்க. அப்பம் பள்ளிக்கூடத்தோடயே கெடந்தவங்களத்தான் பாப்பாங்க."

வீட்டுக்கு வந்து, வழக்கம்போல் ஒரு தாளில் இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தேன். கடைப் பக்கம்: சம்பளம் அதிகம், தினமும் புதுப் புது மோட்டார், கை ஓடிக்கொண்டே இருக்கும். பள்ளிப் பக்கம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: அரசாங்க வேலை. "பொண்ணு பாக்க வாரவங்ககிட்ட சொல்லிக்கிடலாம்லா" என்றாள் அம்மா. பள்ளியிலேயே இருந்துவிட்டேன்.

4. முத்துலட்சுமி

நான் வரவில்லை என்றதும், "அப்பம் உங்க பிள்ளையள்ல ஒண்ண அனுப்புங்க" என்றார் அண்ணாச்சி. என்னிடம் படித்து முடித்த முத்துலட்சுமியை அனுப்பினேன்.

"பொம்பளப் பிள்ளையா டீச்சர்?"

"நான் யாரு அண்ணாச்சி?"

மறுநாளே அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

நான் இரண்டு பீரியடுக்கும் நடுவில் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்திருந்தேன். லீவு போட்டவர்களின் வகுப்பைப் பார்த்துக்கொண்டேன், மார்க் லிஸ்ட் கூட்டிக் கொடுத்தேன். இரண்டு மணி நேர வேலைக்காக நாள் முழுவதும் போனது. முழுநேர ஆர்டர் வரப்போகிறது என்று வருஷா வருஷம் பேச்சு வரும். எங்கள் சங்கத்தின் மூலம் மனு கொடுப்போம். அதோடு சரி.

போன மாதம் முத்துலட்சுமி பள்ளிக்கு வந்தாள். கை நகமெல்லாம் கம்பிச்சுருளுக்குப் பூசும் வார்னிஷ். "ராஜபாளையம் ரோட்டுல அண்ணாச்சி இன்னொரு கடை போடுதாரு டீச்சர். அத நான்தான் பாக்கப் போறேன்." பிறகு என்னைப் பார்த்து, "நீங்களும் வந்திருங்களேன் டீச்சர். எனக்குச் சொல்லித்தர ஆள் வேணும்" என்றாள்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே சேர்ந்தால் இத்தனை வருஷ சர்வீஸும் போய்விடும். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பெல் அடித்துவிட்டது.

பகுதிநேர வேலைக்கு ஆர்டர் வாங்கப்போகிற தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். எத்தனை மணி நேரம் என்பது ஆர்டரிலேயே இருக்கும். எந்த மணி நேரம் என்பதை அங்கே போனபிறகுதான் சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.