பதினோரு மணிப் பால்

‘குளிர்ச்சி’ என்ற பேரை நான் முதலில் கேட்டது என் மாமியார் வாயில்தான். சின்ன மகனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “அவ மூஞ்சியப் பாத்தாலே ஒரு குளிர்ச்சி” என்றார். நான் அந்த வீட்டுக்கு வந்து அப்போது மூன்று வருடம். என் மூஞ்சியைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்தப் பேரே நிலைத்துவிட்டது. அவள் அப்பா ரயில் பெட்டி பழுது பார்த்தவர். அவள் சித்தி என் பெரியப்பா மருமகளுக்கு ஒன்றுவிட்ட நாத்தனார். அந்த வழியில் கணக்குப் போட்டால் அவள் எனக்கு மகள் முறை. வாய்த்ததோ ஓர்ப்படியாள். என்னைவிட நாலு வயது இளையவள். பார்க்கிறவர்கள் பத்து என்கிறார்கள்.

ஒரே கட்டடத்தில் நாங்கள் கீழ்த்தளம், அவர்கள் மூன்றாம் மாடி. கொழுந்தனாருக்கு விபத்தில் கால் போன பிறகு சோயாப் பால் விற்றுத்தான் அவள் குடும்பத்தை ஓட்டினாள். ஊறவைத்த சோயாவைக் கைக்குள் போட்டுத் தேய்த்துத் தோலை உரிப்பாள். அரைத்து, பெரிய பாத்திரத்தில் ஊற்றி, பச்சை வாசனை போகும்வரை காய்ச்சுவாள். நுரை பொங்கி வரும்போது கரண்டியால் தட்டி, “இரு இரு, யாரும் உன்னைத் துரத்தல” என்று அதனோடு பேசுவாள். வெள்ளைத் துணியில் வடிகட்டிப் புட்டியில் ஊற்றி, மூடியை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினால்தான் அவளுக்கு வேலை முடிந்த மாதிரி.

வாங்க வருகிறவர்களில் பாதிப்பேர் ஐம்பதைத் தொட்ட பெண்கள். மாதவிலக்கு நிற்கிற காலத்தில் உடம்பில் திடீரென்று தீப்பிடிக்கிறதே, அதற்காக வருகிறவர்கள். நம் உடம்பில் ஊறுகிற பெண் சுரப்பைப் போலவே சோயாவிலும் ஒன்று இருக்கிறதாம், பலம் கொஞ்சம் கம்மியாம். அவள் இதைச் சொல்கிற விதம் வேறு. “வீட்டுக்காரி ஊருக்குப் போயிட்டா பக்கத்து வீட்டுக்காரி வந்து அவ நாற்காலில உக்காந்துப்பா பாருங்க, அது மாதிரி. வேலை ஒண்ணும் பெரிசா செய்யமாட்டா. ஆனா வீடு வெறிச்சுன்னு இருக்காது. சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது. கேக்கலேன்னா நிறுத்திடுங்க.”

ஆண்களும் கேள்வி கேட்பார்கள். இரண்டாம் மாடி மின்சாரக்காரர் ஒருமுறை, “இதக் குடிச்சா ஆம்பளைக்கு மார் வளருமாமே” என்று இழுத்தார். “உங்களுக்கு வளர்றது தொப்பைதான். அதுக்கும் என் பாலுக்கும் சம்பந்தம் இல்ல” என்றாள். படிக்கட்டே சிரித்தது. கீழே என் கதவு திறந்திருந்தது. நான் சிரிக்கவில்லை.

எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு. நடுப்பகலில் கழுத்திலிருந்து சூடு ஏறி முகம் கொதிக்கும். ரவிக்கை நனைந்துவிடும். என் வீட்டுக்காரர் விசிறியை நீட்டிக்கொண்டே, “சின்னவளைப் பாரு, வேர்வைன்னா என்னன்னே தெரியல. அந்தப் பாலை நீயும் குடியேன்” என்றார். அவர் சொன்னதற்காகவே குடிக்கக் கூடாது என்று தீர்மானித்தேன். குடிக்க ஆசையாகவும் இருந்தது.

முதல் மாடித் தையல்காரியைப் பிடித்தேன். தனக்கென்று சொல்லித் தினமும் ஒரு புட்டி வாங்கி எனக்குத் தரவேண்டும், பேரைச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். வீட்டில் ஒளித்துக் குடிக்க ஒரே நேரம்தான் இருந்தது. விடிந்ததும் அவர் நடக்கப் போவாரே, அந்த அரை மணி. நான் தைராய்டு மாத்திரை போடுவதும் அப்போதுதான். இரண்டாவது பிரசவத்திலிருந்து போடுகிறேன். மாத்திரையை வாயில் போட்டு, அவள் பாலையே ஊற்றி விழுங்கினேன்.

இரண்டு மாதத்தில் உடம்பு குளிர்ந்தது. பால் வேலை செய்கிறது என்று நினைத்தேன். குளிர்ச்சி என்ற பேர் இனி அவளுக்கு மட்டும் இல்லை என்று மனசுக்குள் ஒரு கொண்டாட்டம். மூன்றாம் மாதம் நட்டநடுப் பகலில் போர்வை தேடினேன். முகம் வீங்கியது, குரல் கட்டியது, தலைமுடி சீப்போடு வந்தது. இரண்டு படி ஏறினால் உட்காரவேண்டும்.

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, “மாத்திரையோட வேற என்ன சாப்பிடறீங்க?” என்றார். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றார். “ஒண்ணும் இல்ல” என்றேன். அவர் மருந்து வாங்கப் போனதும் சொன்னேன். டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். “பாலைக் குறை சொல்லாதீங்கம்மா. நேரம்தான் தப்பு. மாத்திரையை உடம்பு இழுத்துக்க விடாம அது மறிக்குது. நாலு மணி நேரம் தள்ளிக் குடிங்க.”

அதற்குள் தையல்காரி வேலையைக் காட்டிவிட்டாள். பேரைத் தவிர எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அந்தப் பாலைக் குடித்து ஒருத்தர் வீங்கிப்போனார் என்று கட்டடம் முழுக்கப் பேச்சு. வாடிக்கை ஒவ்வொன்றாக நின்றது. உண்மை தெரிந்தவள் நான் ஒருத்தி. மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு நன்றாக இறங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நாலாம் நாள் அவள் கீழே வந்தாள். கையில் புட்டி இல்லை. என் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“அக்கா, யாருக்கோ என் பால் ஒத்துக்கலயாம். யாருன்னு தையல்காரி சொல்லமாட்டேங்கறா. உங்க காதுல ஏதாவது விழுந்துச்சா?”

“தெரிஞ்சு என்ன பண்ணப் போற?”

“என்ன மாத்திரை போடறாங்கன்னு கேக்கணும். தைராய்டு மாத்திரைன்னா காலைல அது, பதினோரு மணிக்குத்தான் என் பால். இதச் சொல்லாம யாருக்கும் முதல் புட்டி குடுத்ததில்லக்கா. சுவர்ல எழுதியே வச்சிருக்கேன், யாருக்கு எந்த மாத்திரைன்னு.” தன் கைகளைப் பார்த்தபடியே சொன்னாள்: “இனிமே காய்ச்சப் போறதில்ல. ஒரு உடம்பு கெட்டப்புறம் எப்படிக் காய்ச்சறது? பாத்திரத்தை விலைக்குக் கேட்டு ஒருத்தர் வராரு.”

அவள் வாசலில் வைத்துக் கேட்கிற கேள்வி எனக்குத் தெரியாது. அந்த வாசலில் நான் நின்றதே இல்லையே. கட்டிய குரலில், “அது நான்தான்” என்றேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கும் சுலபமாக இருந்திருக்கும். என் வீங்கிய முகத்தையே பார்த்தாள்.

“விடியக்காலைலயா குடிச்சீங்க?”

“ஆமா.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“உன்கிட்ட கேக்கத்தான் எனக்கு முடியல.”

அவள் எழுந்து உள்ளே போனாள். என் மாத்திரை அட்டையைத் தேடி எடுத்தாள். வாடிக்கைக்காரர்களுக்கு எழுதும் பென்சிலால் அதன் மேல் பெரிதாக 11 என்று எழுதி வைத்துவிட்டு மாடி ஏறினாள். மறுநாள் பாத்திரம் கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பினாள். வீடு வீடாகப் போய் மாத்திரைக் கதையை விளக்கினாள். வாடிக்கை மெல்லத் திரும்பியது. என் பேரை எவரிடமும் சொல்லவில்லை. அதிலும் எனக்குப் பொறாமைதான். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும்.

இரண்டு மாதத்தில் என் வீக்கம் வடிந்தது. வேர்வையோ திரும்பி வந்தது; முன்பு உடம்பு குளிர்ந்தது பாலால் இல்லை, மாத்திரை உடம்பில் சேராததால்தான். பதினோரு மணிக்குச் சரியாகக் குடித்தும் அது தன் போக்கில் இருந்துவிட்டுத் தானாகத்தான் நின்றது. அது நிற்கும் முன்பே, “உங்களுக்குக் கேக்கலக்கா, நிறுத்திடுங்க” என்றாள். நான் நிறுத்தவில்லை. ஏன் என்று அவள் கேட்கவும் இல்லை.

எனக்கு இப்போது அறுபத்தெட்டு. மணி பதினொன்றுக்கு மூன்று நிமிடம் இருக்கிறது. அவள் என் வீட்டு வாசலில், கையில் புட்டியோடு, உள்ளே இருக்கும் கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்கிறாள்.