காலுக்குக் கரண்டு

ரம்புத்தான் மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பை உடைத்துக்கொண்டபோது எனக்குப் பத்து வயது. இடுப்புக்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லை. எறும்பு கடித்தாலும் தெரியாது, ஊசியால் குத்தினாலும் தெரியாது. அதைக்கூட எப்படியோ பொறுத்துக்கொண்டேன். ஆனால் என் கால்களுக்குக் கரண்டு வைக்கப் போகிறார்கள் என்று டவுன் ஆஸ்பத்திரியில் சொன்னதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மஸ்ஜித் தானா என்ற சிற்றூர்ப் பக்கம் இருந்த எங்கள் எஸ்டேட்டில் கரண்டு என்றால் சாவு. ரப்பர் ஆலையில் ஒருவர் கரண்டு கம்பியோடு ஒட்டிக்கொண்டபோது, பலகையால் தட்டி அவரைப் பிரித்தெடுத்தவர் என் அப்பா. ஆனாலும் ஆள் பிழைக்கவில்லை. அப்பா அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. மற்றவர்கள்தான் சொன்னார்கள், ஆளாளுக்குக் கொஞ்சம் சேர்த்து.

"ஷாக் அடிச்சு செத்துருவேனாப்பா?" என்று கேட்டேன்.

"சின்னக் கரண்டுலா. ரேடியோ பேட்டரி மாதிரிதான்" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அதிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று அப்பா ஆலையிலிருந்து ஒரு ரப்பர் ஷீட்டைச் சுருட்டிக்கொண்டு வந்தார். புகைபோட்டுக் காயவைத்த ஷீட். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதை விரித்து, அதன்மேல் என்னைப் படுக்கவைத்தார். கரண்டு வேலை பார்ப்பவர்கள் காலில் ரப்பர் சப்பாத்து போடுகிறார்கள் அல்லவா, அந்தக் கணக்கு. அறை முழுக்கப் புகை நாற்றம். தெரப்பி செய்யும் மலாய் அக்கா மூக்கைச் சுளித்தாள், ஆனால் எடுக்கச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள். ஊசி போடுகிறவர்களும் இப்படித்தான் சிரிப்பார்கள்.

தசை வற்றிப்போகாமல் இருக்கத்தான் இது, நடக்கவைக்க அல்ல என்று அவள் மலாயில் விளக்கினாள். அப்பா தலையாட்டினார். எவ்வளவு காதில் ஏறியதோ தெரியாது. முதலில் எனக்கு வையுங்கள் என்று சொல்லிவிட்டு, காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் யோசித்தாள். பிறகு அவர் முழங்காலுக்குக் கீழே இரண்டு ஈரப் பட்டைகளைக் கட்டி, பெட்டியில் இருந்த குமிழைத் திருகினாள்.

"அடேயப்பா!" என்று அப்பா கத்தினார். அவர் பாதம் வெடுக்கென்று தூக்கியது. நான் அவரைவிடச் சத்தமாகக் கத்தினேன். பட்டைகளை அவிழ்த்தபோது அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. "ஊசி ஊசியா குத்துதும்மா. ஆனா உயிருக்கு ஒன்னும் இல்ல" என்று என்னிடம் சொன்னார்.

அடுத்து என் கால். அப்பாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். ஊசிக் குத்தலுக்காகக் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. இன்னும் ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது என்று கண்ணைத் திறந்தால், என் பாதம் மேலே தூக்கி, கீழே விழுந்து, மறுபடி தூக்கிக்கொண்டிருந்தது. அறுத்த கோழி துடிப்பது மாதிரி. நான் ஆட்டவில்லை. ஆடுவது எனக்குத் தெரியவும் இல்லை. அன்றைக்குப் பயந்ததுபோல் நான் என்றும் பயந்ததில்லை.

"நிப்பாட்டச் சொல்லுங்கப்பா!"

"வலிக்குதாம்மா?" அப்பாவின் குரலில் ஒரு அவசரம், ஆசை மாதிரி.

"இல்லப்பா."

அவர் மலாய் அக்காவைப் பார்த்தார். அவள் குமிழை அவர் கத்திய அளவுக்குக் கொண்டுபோனாள். என் பாதம் இன்னும் வேகமாக உதறியது.

"இப்ப?"

"இல்ல."

அதுவரை அப்பா பயந்தது கரண்டுக்குத்தான் என்று நினைத்திருந்தேன். எறும்பும் ஊசியும் தெரியாவிட்டால் போகட்டும், ஆளைக் கொல்கிற கரண்டாவது தெரியும் என்று அவர் உள்ளுக்குள் நம்பியிருக்கிறார். குனிந்து, அந்த அக்காவுக்குக் கேட்காமல் சொன்னார்.

"கொஞ்சமாவது வலிக்குதுன்னு சொல்லும்மா."