சந்நிதிப் பந்தியில் ஐம்பது நிமிடங்கள்

என் மனநலக் கிளினிக் அட்டையின் பின்புறத்தில் வைத்தியர் பச்சை மையில் எழுதியிருப்பது: “மாத்திரையை நிறுத்த வேண்டாம். காலையில் நாற்பது நிமிடம் நடக்கவும். பகலில் படுக்கையில் கிடக்க வேண்டாம். வாரம் ஒருமுறை வெளியூர் போய், மற்றவர்களோடு இருந்து ஒரு வேளைச் சாப்பாட்டை முழுவதும் சாப்பிடவும்.”

முதல் மூன்றும் பதினொரு வாரங்களில் ஏறக்குறையப் பழகிவிட்டன. நான்காவதில்தான் இரண்டு முறை தோற்றேன். ஒரு வெள்ளிக்கிழமை இருபாலையில் பேருந்தைவிட்டு இறங்கித் திரும்பினேன். அடுத்த வெள்ளி நீர்வேலியில். மூன்றாம் முறையும் திரும்பினால் இனிப் புறப்படவே மாட்டேன் என்று பயந்தேன்.

இந்த வெள்ளி, காலை 9.40. யாழ்ப்பாணத்திலிருந்து அச்சுவேலி வழியாகப் பருத்தித்துறை போகும் பேருந்து. நடத்துனர் என்னை மறக்கவில்லை.

“அண்ணை, இண்டைக்காவது ரிக்கற் எடுத்த இடம்மட்டும் வருவியளோ?”

“பாப்பம்.”

“என்ன பாப்பம்? நீர்வேலியிலை பெல் அடிக்கமாட்டன், சொல்லிப்போட்டன்.”

நீர்வேலியில் பேருந்து நிற்கத்தான் செய்தது. ஏறியவர் இரண்டு வாழைக்குலைகளை என் முழங்கால்களுக்கு முன்னால் இறக்கி வைத்தார். இறங்க வழியில்லை. அந்தக் குலைகளுக்கும் என் நன்றி.

10.50. தொண்டைமானாறு. நீரேரியில் வெயில் விழுந்து கண் கூசியது. செல்வச்சந்நிதி முருகன் கோயிலைச் சுற்றியுள்ள மடங்களில் வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போடுகிறார்கள். நான் மிஷன் பள்ளியில் படித்த, ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகும் குடும்பத்தவன். அதை எவரும் கேட்கவில்லை.

12.10. நிலத்தில் நீளமாகப் பந்தி. வாளிகளின் சத்தம், ஆட்களின் சத்தம். நாலு கவளத்தோடு நெஞ்சு படபடத்தது. இலையை மடிக்கக் கை வைத்தேன். வலப்பக்கத்தில் இருந்த, அறுபது வயது மதிக்கத்தக்கவர் திரும்பினார்.

“தம்பி, எங்கை எழும்புறியள்? நான் இன்னும் பருப்பே முடிக்கேல்லை.”

“எனக்கு இவ்வளவு காணும், அண்ணை.”

“உங்களுக்குக் காணும், எனக்கு? பக்கத்து இலையை மடிச்சா நான் என்னண்டு சாப்பிடுறது?”

எங்கள் பகுதியில் பந்தியில் ஒருவர் உண்டுகொண்டிருக்கப் பக்கத்தில் இருப்பவர் எழும்புவது அவரை அவமதிப்பது. கையை எடுத்துக்கொண்டேன். அவர் ஒவ்வொரு பருக்கையாக எடுப்பதுபோல் சாப்பிட்டார். சும்மா இருக்க முடியாமல் கேட்டேன்:

“கடலுக்குப் போறனியளோ?”

“வல்வெட்டித்துறையிலை முப்பது வரியம் போனன். இப்ப முழங்கால் விடுதில்லை. கரையிலை நிண்டு மற்றவைக்குப் புத்தி சொல்லுறன். ஒருத்தரும் கேக்கிறேல்லை.”

சிரித்துவிட்டேன். அந்நேரம் பரிமாறும் பெண் என் இலையில் மறுபடி சோறு வைத்து ரசம் ஊற்றினார். பக்கத்து இலைக்காரர் வலை, காற்று, மருமகனின் சோம்பல் என்று கதைத்துக்கொண்டே போனார். கேட்டுக்கொண்டே நானும் சாப்பிட்டேன்.

1.00. இலையில் கறிவேப்பிலை மட்டும் மிஞ்சியிருந்தது. படபடப்பு எப்போது நின்றதென்று குறித்துவைக்கவில்லை. அவர் குழாயடியில் கை கழுவி, “வாறன் தம்பி” என்று சைக்கிளில் வல்வெட்டித்துறைப் பக்கம் போனார்.

வீட்டில் பல மாதங்களாக என் மனைவி சாப்பாட்டை அறைக்குள் வைத்துவிட்டுப் போவாள். பாதி அப்படியே திரும்பும். எனக்காக அவளும் தனியாகத்தான் சாப்பிட்டிருக்கிறாள் என்பது அந்தக் குழாயடியில்தான் உறைத்தது. நாளை மத்தியானம் அவளோடு இருந்து சாப்பிடுவேன்.

புறப்படுமுன் பரிமாறிய பெண்ணிடம், “அந்த அண்ணை நல்ல ஆறுதலா, மெதுவாச் சாப்பிடுறார்” என்றேன்.

“ஆரு, அவரோ? ஒவ்வொரு வெள்ளியும் வாறவர். பத்து நிமிசத்திலை முடிச்சுப்போட்டு மற்றவை எப்ப எழும்புவினம் எண்டு முழிசிக்கொண்டிருப்பார்.”

இன்று அவர் எனக்காகத்தான் மெதுவாக உண்டாரா, அல்லது அந்தப் பெண் வேறொருவரை நினைத்துச் சொன்னாரா, தெரியாது. அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. இது இன்னும் உறுதிப்படுத்தப்படாத தகவல்.