மலையில் பின்பக்கமாக ஏறிய லொறி

கல்யாணமாகிக் கட்டுகஸ்தோட்டைக்கு வந்த புதிதில், என் மாமனார் வீட்டு லொறி மலையில் பின்பக்கமாகத்தான் ஏறும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நம்பியிருக்கவும் மாட்டேன்.

என் தாய்வீடு தெல்தோட்டை. மாமனார் அரிசி, கருவாடு, தேங்காய் எண்ணெய் எல்லாம் மொத்தமாக வாங்கி, பேராதனை, கலஹா வழியாகத் தோட்டப்புறத்துக் கடைகளுக்கு லொறியில் அனுப்புவார். திரும்பும்போது மிளகும் பாக்கும் கராம்பும் வரும். சரக்கோடு சரக்காக வீட்டுப் பெண்களும் ஏறிக்கொள்வது அந்த வீட்டு வழக்கம். மூட்டைகளுக்குப் பின்னே, லொறியின் வால்பக்கத்தில் பாய் விரித்து, சாக்குத் திரை தொங்கவிட்டு, மாமியும் கணவரின் தங்கை மச்சியும் நானும் உட்காருவோம். முன்னால் என் கணவர் ஓட்டுவார், பக்கத்தில் மாமனார் இருப்பார். அந்த லொறிதான் எனக்கு உம்மாவைக் காண இருந்த ஒரே வழி.

முதல் தடவை போனபோது, கலஹா தாண்டி ஒரு பெரிய ஏற்றத்தின் அடியில் லொறி நின்றது. முன்னுக்குப் போய், பின்னுக்கு வந்து, மறுபடி முன்னுக்குப் போய், கடைசியில் வந்த வழியைப் பார்த்தபடி திரும்பி நின்றது. ஏதோ கோபத்தில் வீட்டுக்குத் திரும்புகிறார்கள், உம்மாவைக் கண்ட மாதிரித்தான் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாமியோ முக்காட்டை இறுக்கிச் செருகிக்கொண்டு, சாக்குத் திரையை விலக்கி, தொண்டையைச் செருமினார்.

"வா மகன், வா! நேரா வா!"

லொறி உறுமிக்கொண்டு பின்பக்கமாக மலை ஏறத் தொடங்கியது.

விஷயம் இதுதான். அந்தக் கிழட்டு லொறியில் பெற்றோல் தாங்கி ஓட்டுபவரின் ஆசனத்துக்குக் கீழே இருந்தது. தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுகிற மாதிரி பெற்றோல் தானாக எஞ்சினுக்கு ஓடவேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் மூக்கை நிமிர்த்தினால் எஞ்சின் மேலே போய்விடும், பெற்றோல் வராது, லொறி இருமி இருமி நின்றுவிடும். திருப்பி நிறுத்தி, வால்பக்கத்தை மேலே விட்டால் சரி. ஆனால் மூட்டைகளுக்கும் அவற்றை மூடிய படங்குக்கும் பின்னால் என்ன இருக்கிறது என்று ஓட்டுபவருக்குத் தெரியாது. முன்பு மூட்டை தூக்குகிற ஆள் ஒருவர் பின்னால் நடந்து வந்து இடது வலது சொல்வாராம். அவருடைய இடது ஓட்டுபவரின் வலது. இருவரும் நடுவழியில் நின்று எது யாருடைய இடது என்று சண்டை பிடித்திருக்கிறார்கள், லொறியின் ஒரு சில்லு உருண்டு தேயிலைச் செடிகளுக்குள் இறங்கியிருந்ததாம். அன்றைக்குத் திரைக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல் வந்திருக்கிறது. அவருக்கு இடதும் வேண்டாம் வலதும் வேண்டாம். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், அவ்வளவுதான்.

"மலை... மலை... இன்னும் கொஞ்சம் மலை. போதும்! பள்ளம் கொஞ்சம். நில்லு, மாடொண்டு ஈக்குது. சரி, வா!"

வீட்டில் மாமியின் குரலைக் கேட்க நான் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கவேண்டும். அப்படி மெல்லப் பேசுகிறவர். மீன் எந்த மீன், பெருநாளுக்குத் துணி எந்த நிறம் என்பது வரைக்கும் மாமனார் சொன்னதுதான். அந்த மனிதர் இந்த ஏற்றத்தில் மட்டும் வாய் திறக்கமாட்டார். கதவுச் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, மனைவி மலை என்றால் மலைப்பக்கம் சாய்வார், பள்ளம் என்றால் கண்ணை மூடிக்கொள்வார். மேட்டில் கொழுந்து பறிக்கிற பெண்கள் எங்கள் லொறியைக் கண்டால் வேலையை விட்டுவிட்டு, "மலை! பள்ளம்!" என்று கூடச் சேர்ந்து கத்துவார்கள். "ஏம்மா, மெதுவா கூட்டிக்கிட்டு வாங்க, வழுக்கும்!" என்று ஒருத்தி சொல்வாள். மாமி அவளுக்குக் கை காட்டுவார். சிரித்துச் சிரித்து எனக்கும் மச்சிக்கும் வயிறு வலித்துவிடும். போகிற திசையைப் பார்த்துக்கொண்டு பயணம் போவதே ஒரு போதைதான் என்று அந்த வால்பக்கத்தில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். அதுவரை போன இடத்தையெல்லாம் திரைக்குள் இருந்து எங்கே வந்திருக்கிறோம் என்று கேட்டுத்தான் எனக்குப் பழக்கம்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்த லொறிக்கு வயது போய்விட்டது. காலையில் கிளப்ப முழுக் குடும்பமும் துஆ ஓதவேண்டியிருந்தது. ஒரு மழைக்காலத்தில் வீட்டில் பேச்சு தொடங்கியது. மாமனார் புது லொறி எடுக்கவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். இப்போது வருகிற லொறிகள் முகத்தை முன்னால் வைத்தே எந்த மலையும் ஏறும், தோட்டங்களுக்கு வாடகைக்கு விட்டுத் தேயிலைப் பெட்டி ஏற்றலாம் என்றார். வாடகை லொறியில் வேறு ஆட்கள் ஏறுவார்கள். அதில் நாங்கள் போக முடியாது. என் கணவருக்கோ கண்டியில் ஒரு தரகர் காட்டிய சின்னக் காரின் மேல் பைத்தியம். கிழட்டு லொறி கண்டிக்கும் கட்டுகஸ்தோட்டைக்கும் சமதரையில் ஓடட்டும், மலைச் சரக்கை வேறொருவரின் லொறியில் அனுப்பலாம், வீட்டுப் பயணத்துக்குக் கார் என்றார்.

"பெற்றோலை மோந்து பாத்தாலே ஓடும் வாப்பா!"

"மோந்து பாத்து ஓடுறது வண்டியில்ல, பூனை," என்றார் மாமனார்.

நான் எந்தக் கட்சி என்று சொல்லத் தேவையில்லை. புது லொறி வந்தால் உம்மாவை எப்போது காண்பேன்? காருக்காக நான் என்னவெல்லாம் செய்தேன்! மாமனாரின் மனம் இளகட்டும் என்று வட்டிலாப்பம் அவித்தேன். அவர் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, புது லொறி வந்தால் சீனி மூட்டை கூட ஏற்றலாம் என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அடுத்த வட்டிலாப்பத்துக்குச் சீனியைக் குறைத்துவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு தரகர் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். தீப்பெட்டி மாதிரி இருந்தது. மாமனார் சுற்றிச் சுற்றி வந்து அங்கங்கே தட்டிப் பார்த்தார். எங்களைப் பின்னால் ஏற்றி, இரண்டு பக்கமும் கறுப்புத் திரை இழுத்து விட்டார்கள். மாமி நடுவில் உட்கார்ந்ததும் மச்சிக்கும் எனக்கும் மூச்சு மட்டும்தான் மிஞ்சியது. கார் கண்டிப்பக்கம் ஒரு மேட்டில் துள்ளிக்கொண்டு ஏறியது. முகத்தை முன்னால் வைத்துக்கொண்டு, இருமாமல், நிற்காமல்! எனக்குத் தலைகால் புரியவில்லை. மச்சியின் கையைக் கிள்ளிக் கிள்ளிச் சிவக்க வைத்துவிட்டேன். மாமி மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டே போய்த் திரும்பி வந்தார்.

அன்றைக்கு மாமி சரியாகச் சாப்பிடவில்லை. அடுப்படியில் நான் பிடித்துக்கொண்டேன்.

"என்ன மாமி, கார் சரியில்லையா?"

"சரிதான்."

"புது லொறியா அப்ப? நம்மளை ஏத்த மாட்டாங்களே!"

"எனக்கு ரெண்டும் வேணாம். அந்தக் கிழட்டு லொறியே போதும்."

எனக்குப் பொறுக்கவில்லை. கிளம்ப மாட்டாத, இருமுகிற, வழியெல்லாம் எண்ணெய் ஒழுக்குகிற அந்தச் சனியன் என்னத்துக்கு என்று மாமியார் என்றும் பாராமல் கத்திவிட்டேன். மாமி கோபிக்கவில்லை. தேங்காய் திருவிக்கொண்டே, வழக்கமான மெல்லிய குரலில் சொன்னார்.

"இந்த ஊட்டுல நான் சொல்லி எது நடந்தீக்குது, புள்ள? அந்த ஏத்தத்துல மட்டுந்தான் நான் மலைண்டா மலை, பள்ளமுண்டா பள்ளம். காருல எனக்கு என்ன வேலை? மூட்டை மாதிரி இருந்துட்டு வரோணும்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இத்தனை நாள் அந்த ஏற்றத்தில் நான் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். மாமிக்கு அது விளையாட்டே இல்லை. பிறகு யோசித்தால் எனக்கே நம்ப முடியாத ஒரு காரியத்தைச் செய்தேன். அந்தக் காலத்தில் மருமகள் மாமனாரோடு முகத்துக்கு நேரே பேசமாட்டாள். நான் முன்கூடத்துக் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். வாப்பாவும் மகனும் அங்கே கதிரைகளில் உட்கார்ந்து லொறி, கார், லொறி, கார் என்று அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமா," என்றேன், "ஏத்தத்துல மாமி சொல்றதைத்தானே கேக்குறீங்க. இதையும் மாமிக்கிட்டக் கேளுங்களேன்."

என் கணவர் கதவை முறைத்த முறைப்பு பலகையைத் துளைத்துக்கொண்டு எனக்குத் தெரிந்தது. மாமனார் இருமினார்.

"எங்க அவ? கூப்பிடு."

மாமி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். மாமனார் அவரைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக் கேட்டார்.

"லொறியா, காரா? நீ சொல்லு."

மாமி கொஞ்சமும் யோசிக்கவில்லை. இதுதான் என்னை இன்றைக்கும் திகைக்க வைக்கிறது. அடுப்படியில் கிழட்டு லொறி போதும் என்ற மனுஷி, கேட்ட மறுகணமே சொன்னார்.

"கார் எடுங்க. இவ உம்மாவைப் பாக்கோணும். நான் முன்னுக்கு இருப்பேன்."

"முன்னுக்கா? ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு என்ட சத்தத்தைக் கேட்டு எத்தனையோ வருஷம். முகத்தை மட்டுந்தான் இன்னும் காணல்ல. அதுக்கு முக்காடு ஈக்குது."

என் கணவர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டார். நான் கதவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தேன். மாமனார் மட்டும் அசையாமல் இருந்தார். கேட்டது அவர்தானே. கேட்ட வாயால் மறுக்க அவரால் முடியவில்லை.

கார் வந்தது. முதல் பயணம் தெல்தோட்டைக்குத்தான். மாமி முக்காட்டைக் கண்வரை இழுத்துக்கொண்டு முன்னால் மகனுக்குப் பக்கத்தில் ஏறினார். பின்னால் மச்சியும் நானும். மிச்சம் இருந்தது எங்கள் பக்கத்தில் ஓர் இடம். மாமனார் கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்த்தார். வரவில்லை என்று சொல்வார் என்றே நினைத்தேன். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, குனிந்து, முழங்காலை மடக்கி, மச்சிக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். பெண்கள் இருக்கிற பக்கம் என்பதால் அவரே கையை நீட்டித் திரையை இழுத்து மூடினார். மூடிய பிறகுதான் தனக்கும் வெளியே எதுவும் தெரியாது என்று அவருக்கு உறைத்தது.

பேராதனை தாண்டும்வரை பொறுத்துப் பார்த்தார். பிறகு அவரால் முடியவில்லை.

"எங்க வந்தீக்கிறோம்?" என்று முன்னால் இருந்த மாமியிடம் கேட்டார். மாமி வெளியே நன்றாகப் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் பதில் சொன்னார். "மலை வந்தா நான் சொல்றேன்."