நீடாமங்கலத்தில் சுடுதண்ணீரில் போட்ட முட்டை

போன மாசி மாதம் ஒரு புதன்கிழமை, மணப்பாறையிலிருந்து நீடாமங்கலத்துக்குப் போய் வந்தேன். கோயில் பார்க்கப் போகவில்லை. ஒரு பெண்மணியைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போனேன். விசிறிவால் கோழி முட்டை வாங்க அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு இந்தப் பதிவு உதவும். மற்றவர்கள் என் அசட்டுத்தனத்தைப் படித்துச் சிரித்துக்கொள்ளலாம்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சண்டைக்குப் பேர்போன நம் பெருவிடை நாட்டுக்கோழியிலேயே கிளிமூக்கு விசிறிவால் என்று ஒரு ரகம் உண்டு. கிளி மாதிரி வளைந்த மூக்கு, தரையைக் கூட்டும் வால், நிமிர்ந்து நின்றால் என் இடுப்புயரம். கண்காட்சிக்கென்றே வளர்ப்பார்கள். நீடாமங்கலம் பக்கத்தில் மும்தாஜ் என்பவர் சுத்தமான ரகம் வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, தை மாதம் அவரிடம் பன்னிரண்டு முட்டை வரவழைத்தேன். ஒன்று இருநூறு ரூபாய். தெர்மாகோல் பெட்டியில் உமி நிரப்பி, பஸ் பார்சலில் அனுப்பியிருந்தார். ஒரு முட்டைகூட உடையவில்லை. உடையாமல் வந்ததே எனக்குச் சந்தேகம்.

நல்ல ரகம் வைத்திருப்பவர்கள், அது வெளியே பரவிவிடக் கூடாது என்று முட்டையில் ஊசி குத்தி அனுப்புவார்கள் என்று எங்கள் கோழிக்காரர்களிடையே ஒரு பேச்சு உண்டு. ஓட்டை கண்ணுக்குத் தெரியாது, கரு மட்டும் செத்துப்போகும். கண்டுபிடிக்க ஒரு வழியும் சொல்வார்கள்: சுடுதண்ணீரில் போட்டால் ஓட்டை வழியாகக் குமிழி வரும். போட்டேன். பன்னிரண்டிலும் வந்தது. கைபேசியில் படம் பிடித்துக்கொண்டேன். இருந்தாலும் காசு போட்டு வாங்கியதாயிற்றே என்று அதே முட்டைகளை அடைக்கு வைத்தேன். இருபத்தொரு நாள் கழிந்தும் ஒன்றும் பொரிக்கவில்லை. உடனே வீடியோவைக் கோழி வளர்ப்போர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "நீடாமங்கலம் மும்தாஜ், ஊசி முட்டை, எல்லாரும் உஷாரா இருங்க" என்று என் குரலிலேயே சொன்னேன்.

நாலாம் நாள் அந்த அம்மாவே போன் பண்ணினார்.

"அண்ணே, ஞாயித்துக்கெழம தஞ்சாவூர்ல கண்காட்சி. என் சேவலக் கொண்டு வர வேணாம்னு சொல்லிட்டாங்க. நீங்க பேசுனதுதான் காரணம். நேர்ல வாங்க. உங்க கையாலயே முட்டைய எடுத்துப் பாருங்க. பாத்துட்டு உள்ளதச் சொல்லுங்க, போதும்."

இவ்வளவு தைரியமாகக் கூப்பிடுகிறாரே, இதில் ஏதோ சூது இருக்கிறது என்றுதான் எனக்குப் பட்டது.

காலை 5.15-க்கு மணப்பாறையில் பஸ் ஏறினேன். திருச்சி நாற்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். அங்கிருந்து பாசஞ்சர் ரயில். நீடாமங்கலம் எண்பது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் இருபது ரூபாய். தஞ்சாவூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் சம்பா அறுத்த வயல்கள், தாளுக்கிடையே உளுந்து முளைத்திருந்தது. ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள். நான் ரசிக்கவில்லை. அந்த அம்மா என்ன தந்திரம் வைத்திருப்பார் என்ற யோசனையிலேயே 9.20 ஆகிவிட்டது.

ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ. எட்டு கிலோமீட்டருக்கு இருநூறு கேட்டார், நூற்றெண்பதுக்கு இறங்கினார். இறங்கியதும் எனக்கு நூற்றைம்பதே சரியான விலையாக இருக்குமோ என்று தோன்றியது.

"கோழி வீட்டுக்கா? நீங்க மிராசு வீட்டு ஆளா சார்?" என்றார் டிரைவர்.

"இல்லீங்க. ஏன் கேக்குறீங்க?"

"அவங்க ஆளுன்னா முக்குலயே எறக்கி விட்டுடுவேன். வாசல் வரைக்கும் கொண்டு போயி விட்டா அந்தம்மா எங்கிட்ட பேசாது."

போன பிறகுதான் விவரம் தெரிந்தது. வீட்டை ஒட்டிய ஆறு மா நிலம் மும்தாஜ் குடும்பத்தின் குத்தகை நிலம், இரண்டு ஏக்கர் இருக்கும். மிராசுதார் குடும்பம் குத்தகை செல்லாது என்று வழக்குப் போட்டு, உழக் கூடாது என்று தடையும் வாங்கிவிட்டது. கணவர் குவைத்தில். ஊர் முக்கில் இரண்டு கட்சிக் கொடிக்கம்பமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

"எந்தக் கட்சி வந்தாலும் மனு குடுப்போம். அவங்களும் வாங்கிப்பாங்க. வாய்தா மட்டும் நின்னதில்ல" என்றார் மும்தாஜ். "உழக் கூடாதுன்னுதான் கோர்ட்டு சொல்லிச்சு. கோழி மேயக் கூடாதுன்னு சொல்லல. அதான் கோழி."

நாற்பது வயதிருக்கும். முக்காட்டை இழுத்துவிட்டபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் கைபேசியை எடுத்ததும், "நெலத்தப் போட்டோ எடுக்காதீங்கண்ணே. போன தடவ முட்ட வாங்குறேன்னு வந்தவர் எடுத்த போட்டோ கோர்ட்டுல போயி நிக்கிது" என்றார். சரிதான், இங்கே சந்தேகப் பிராணி நான் மட்டும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கண்காட்சிச் சேவலைக் காட்டினார். மயில் நிறம். வால் மண்ணில் படாமலிருக்க, கூண்டில் உயரமாகக் கட்டை போட்டு உட்கார வைத்திருந்தார். என் வாழ்நாளில் அப்படி ஒரு வாலைப் பார்த்ததில்லை. வாயைத் திறந்து பாராட்டவில்லை. பாராட்டினால் இளகிவிடுவோம் என்று பயம்.

10.40-க்கு ஒரு பெட்டை முட்டையிட உட்கார்ந்தது. எதிரிலேயே நாற்காலி போட்டு நானும் உட்கார்ந்துவிட்டேன். டீ கொடுத்தார், கண்ணை எடுக்காமலே குடித்தேன். 11.25-க்கு முட்டை. யாரும் தொடுமுன் நானே எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஒரு மணி நேரம் பை மேல் கையை வைத்தபடியே கோழிகளைச் சுற்றிப் பார்த்தேன். பிறகு, "ஒரு பாத்திரத்துல சுடுதண்ணி கொண்டாங்க" என்றேன்.

"தண்ணி எதுக்குண்ணே?"

"கொண்டாங்க, சொல்றேன்."

ஆவி பறக்கும் தண்ணீரில் முட்டையை விட்டேன். கூம்பாத பக்கத்திலிருந்து குமிழி கிளம்பியது. "பாத்தீங்களா! ஊசி ஓட்டை!" என்று கத்தியேவிட்டேன்.

அவர் பாத்திரத்தைப் பார்த்தார், என் சட்டைப் பையைப் பார்த்தார்.

"இத நீங்கதானண்ணே எடுத்தீங்க? நான் எப்பண்ணே குத்துனேன்?"

அவர் எழுந்து போய், சமையலறையிலிருந்து கடையில் வாங்கிய வெள்ளை முட்டை ஒன்றைக் கொண்டுவந்து அதே தண்ணீரில் விட்டார். அதிலும் குமிழி. எந்த முட்டை ஓட்டிலும் சின்னத் துளைகள் இருக்கும், உள்ளே காற்றும் இருக்கும், சூடு பட்டால் காற்று வெளியே வரத்தான் செய்யும். பத்து வருடமாகக் கோழி வளர்க்கிறேன், இது எனக்கு உறைக்கவில்லை.

"அந்தப் பன்னெண்டையும் இப்படித்தான் தண்ணியில போட்டீங்களா?"

"ஆமா."

"இதே சூட்டுலயா?"

"ஆமா."

"எவ்வளவு நேரம்?"

"வீடியோ எடுத்து முடிக்கிற வரைக்கும்."

"அவிச்சுட்டு அடைக்கு வெச்சிருக்கீங்க" என்றார். "அவிச்சுட்டு, என் பேரச் சொல்லி ஊரெல்லாம் கத்தியிருக்கீங்க. ரெண்டு வருசம் அந்தச் சேவல ஒரு புள்ளயப் போலப் பாத்தேண்ணே."

அவமானமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அங்கேயே, இரண்டு முட்டையையும் பாத்திரத்தையும் காட்டி, முட்டைகளைக் கெடுத்தது நான்தான் என்று பேசி, குழுவில் வீடியோ போட்டேன். ஐந்து நிமிடத்தில் பதில்கள் வந்தன. "எவ்வளவு வாங்கினீங்க சார்?" "சேவலைச் சும்மா குடுத்துட்டாங்களா?" குழுவில் இத்தனை காலம் நானே மற்றவர்களைக் கேட்டுவந்த கேள்விகள்தான். கண்காட்சி நடத்துபவருக்குப் போன் செய்து கெஞ்சினேன்.

"பேரு ஒரு தடவ அடிபட்டுடுச்சு சார். அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

மும்தாஜ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வைகாசியில் சேவல் இறகு உதிர்க்கும், மறுபடி இதே வால் வருமா என்று யாராலும் சொல்ல முடியாது. இது எனக்கும் தெரியும். எனக்குக் கொடுக்க ஒரு தட்டில் எடுத்து வைத்திருந்த முட்டைகளை அவர் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

"உங்களுக்கு முட்ட இல்லண்ணே. ரயிலுக்கு நேரமாச்சு, பாத்துப் போங்க."

இனி, போக நினைப்பவர்களுக்கு. முட்டை வாங்க மாசி, பங்குனி நல்ல காலம். திருச்சியிலிருந்து ரயிலே மலிவு. ஆட்டோவுக்கு நூற்றெண்பதுக்கு மேல் தராதீர்கள். உமியில் கட்டித்தான் தருவார், பிரித்துப் பார்க்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் கூம்பிய பக்கம் கீழே இருக்கும்படி ஒரு நாள் அசையாமல் வைத்துவிட்டு அடைக்கு விடுங்கள். கழுவ வேண்டாம், தண்ணீரில் போடவே வேண்டாம். சந்தேகம் இருந்தால் ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள், கரு பிடித்திருந்தால் சிவப்பு நரம்பு தெரியும். நிலத்தைப் படம் எடுக்காதீர்கள். முட்டைக்கு நான் பொறுப்பு, சுத்தமான ரகம், தைரியமாக வாங்கலாம். அங்கே போய் என் பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள். முட்டை கிடைக்காது.