சாவுப் புத்தகத்தில் பெரியப்பா

நமுத்துப்போன தீக்குச்சியை நாலைந்து முறை உரசியபின் எழும் கந்தக நெடியும், உருகும் மெழுகின் வாசனையும், அப்போதுதான் செதுக்கிப் போட்ட புல்லின் பச்சை வாசனையும் ஒன்றாகக் கலந்து வந்தால் நான் இன்றும் நடையை நிறுத்திவிடுகிறேன். கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே, எங்கள் ஊர் ஏரிக்கரையை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில், ஐப்பசி மழை சற்றே விட்ட மாலை வேளையில், கல்லறைத் திருநாளுக்கு என் அம்மா மெழுகுவத்தி ஏற்றும் வாசனை அது. எங்களுக்கு அங்கே ஐந்து மண்மேடுகள் இருந்தன. அப்பாவை நாங்கள் 'நைனா' என்று கூப்பிடுவோம். நைனாவைப் பெற்றவர்கள் இருவர், எனக்கு முன்னால் பிறந்து தங்காமல் போன இரண்டு குழந்தைகள், வேலி ஓரமாகத் தனியே நைனாவின் அண்ணன் சவரிமுத்துப் பெரியப்பா. நாலு மேடுகளின் முன்னாலும் அம்மா முழந்தாளிட்டு, இறந்தவரின் பெயரைச் சொல்லி இளைப்பாற்றி ஜெபம் சொல்வாள். ஐந்தாவதற்கு மட்டும் மெழுகுவத்தியைச் செருகிவிட்டு, ஜெபம் எதுவும் சொல்லாமல், 'மழ வருது, கெளம்பு' என்று எழுந்துவிடுவாள். வானம் வெறித்திருந்த வருஷத்திலும் அதையேதான் சொன்னாள்.

அறுபதுகளின் பிற்பகுதியில் நான் ஏழாம் வகுப்பில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான் என்பதை நானும் மறக்கவில்லை, மற்றவர்களையும் மறக்க விட்டதில்லை. மளிகைக் கடையில் பொட்டலம் கட்டிய காகிதத்தைக்கூட உரக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அம்மாவிடம் கொடுப்பேன். ஒருநாள் சரித்திரப் பாடம் நடத்திய கன்னியாஸ்திரீ, "ராஜாக்களுடைய வம்சத்தையெல்லாம் ஒப்பிக்கிறீர்களே, உங்கள் வம்சம் தெரியுமா?" என்று கேட்டார். ஒருத்திக்கும் மூன்று தலைமுறைப் பெயர் தெரியவில்லை. முதலில் வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள், பிறகு கேட்டதை எழுத்தில் இருப்பதோடு வைத்துச் சரிபாருங்கள், இரண்டும் ஒத்துப்போனால்தான் அது சரித்திரம் என்று அவர் சொன்னது எனக்கு வேதவாக்கு. அன்று மாலையே ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு கிழித்துக்கொண்டு நைனாவின் முன்னால் உட்கார்ந்தேன்.

நைனா அப்போது 'பெரிய வூடு' என்று ஊரே சொன்ன மிராசுதாரிடம் பண்ணையாள். அவருடைய அப்பாவும் அங்கேதான் உழைத்துச் செத்தார். நான் கேட்கக் கேட்க, வெட்கமும் பெருமையுமாக ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தவர், பெரியப்பா என்றதும் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"வாந்திபேதில போய்ட்டான். எழுதிக்கோ."

"எந்த மாசம் நைனா?"

"மாசம் இன்னா மாசம். செத்தா செத்ததுதான்."

அம்மா அடுப்படியிலிருந்து, "இன்னாத்துக்குடி அதெல்லாம் எழுதிக்கினு? ராஜா வூட்டுக் கதையப் படிக்கத்தானே அனுப்புனோம்?" என்றாள். நான் விடுவதாக இல்லை. வீட்டில் தெரியாதது எழுத்தில் இருக்கும் என்று அடுத்த சனிக்கிழமை கோயிலுக்குப் போனேன்.

எங்கள் சிறிய மாதா கோயிலுக்குப் பங்குச் சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாட்களில் எல்லாம் உபதேசியார் கையில். ஜெபம் சொல்வதும், புதைப்பதும், ஞானஸ்நானப் புத்தகத்திலும் சாவுப் புத்தகத்திலும் எழுதுவதும் அவர்தான். சேரிப் பெண் ஒருத்தி புத்தகத்தைப் படித்துப் பார்க்க வந்திருக்கிறாள் என்பதில் அவருக்கே ஒரு சந்தோஷம். பெஞ்சைத் துடைத்து இரண்டையும் எடுத்து வைத்தார். நைனா ஞானஸ்நானம் பெற்ற நாள் கிடைத்தது, பெரியப்பாவுடையதும் கிடைத்தது. சாவுப் புத்தகத்தில் நைனாவைப் பெற்றவர்கள் இருந்தார்கள், அந்த இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள். பெரியப்பா இல்லை. முன்னும் பின்னும் மூன்று முறை புரட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, எங்க பெரியப்பா விட்டுப்போய்ட்டாரு" என்றேன். உபதேசியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அந்த வாந்திபேதி வருசத்துல நான் சேரிக்குள்ள வர்ல, கண்ணு" என்று மட்டும் சொன்னார்.

அம்மா ஏன் ஜெபம் சொல்வதில்லை என்பது எனக்குப் புரிந்துவிட்டதாகவே நினைத்தேன். மந்திரிக்காமல் புதைத்த பிணம். புத்தகத்தில் ஏறாத சாவு. ஜெபம் செல்லாது என்று விட்டுவிட்டாள். படித்தவள் நான், இதைச் சரிசெய்ய வேண்டும். வழியில் கிணற்றடியில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா, "இன்னாடி, நோட்டத் தூக்கிக்கினு கலெக்டரு மாதிரி வர்ற?" என்று சீண்டினாள். நான் நின்று, அங்கிருந்த ஏழெட்டுப் பேருக்கும் கேட்கும்படி, "கோயில் புஸ்தகத்துலயே தப்புக் கண்டுபுடிச்சிட்டேங்க்கா. எங்க பெரியப்பா செத்ததே அதுல இல்ல" என்றேன்.

வீட்டில் அதையே சொன்னபோது நைனா கலயத்தில் கூழ் குடித்துக்கொண்டிருந்தார். கலயத்தைக் கீழே வைத்தார். அம்மா என்னை அடிக்கக் கையை ஓங்கி, ஓங்கிய கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டாள். பட்டப்பகலில் நைனா எழுந்து போய்க் கதவைச் சாத்தியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

சாத்திய கதவுக்குப் பின்னால் அவர் சொன்னது இதுதான். நான் கைக்குழந்தையாக இருந்தபோது, மடை திறக்க நேரமாகிவிட்டதென்று பெரிய வீட்டு வயல்களை மேற்பார்த்த ஏஜெண்டு நைனாவைக் களத்தில் கட்டிவைத்து அடித்திருக்கிறான். பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா மண்வெட்டிக் காம்பால் ஏஜெண்டின் வலது கையில் ஒரே போடாகப் போட்டுவிட்டு, ஆந்திரப் பக்கம் ஓடிவிட்டார். எலும்பு நொறுங்கிய கை அப்படியே மடங்கிப் போயிற்று. உயிரோடு கிடைத்தால் புதைத்துவிடுவோம் என்று ஆள் விட்டுத் தேடினார்கள். அந்த வாரம் சேரியில் வாந்திபேதி; நாளுக்கு ஒரு பிணம் விழுந்தது. நாலாம் நாள் விடியற்காலை, அண்ணன் திரும்பி வந்து பேதியில் போய்விட்டான் என்று நைனா ஒப்பாரி வைத்தார். பாயில் சுற்றிக் கொண்டுபோனதை ஏஜெண்டு வரப்பு மேலேயே துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று பார்த்தான். தொற்றுக்குப் பயந்து ஒருவரும் கிட்டே வரவில்லை.

"பாய்ல இருந்தது வாழமரம்" என்றார் நைனா. "அவன் சூலூர்ப்பேட்டையாண்ட சூளையில கல்லு அறுத்துக்கினு கீறான். இப்ப நீ ஊரையே கூட்டிச் சொல்லிட்டு வந்துகீற."

அதற்குப் பிறகு வந்த நாட்களை நான் எண்ணவில்லை. உபதேசியார் தினமும் காலையில் பெரிய வீட்டுக்குப் போய் மிராசுதாருக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டுவது வழக்கம். அவர் சைக்கிள் எங்கள் தெருமுனையைக் கடக்கும்போதெல்லாம் அம்மா கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டு நிற்பாள். நாய் குரைத்தால் நைனா எழுந்து பின்பக்கம் போவார். என் நோட்டை அடுப்பில் வைத்துவிட்டார்கள். நான் அழவில்லை. அழுதால் சத்தம் வெளியே போகும்.

ஐந்தாறு நாட்களில், பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில், புளியமரத்தடியில் ஏஜெண்டு நின்றிருந்தான். மடங்கிய கையைத் துண்டால் மூடியிருந்தான்.

"இன்னாடி, கோயில் புஸ்தகத்துல தப்புக் கண்டுபுடிச்சியாமே? வக்கீலுக்கா படிக்கிற?" சிரித்துக்கொண்டேதான் கேட்டான். "சொல்லு. ஒங்க பெரியப்பன் மண்ணுக்கு மேல கீறானா, கீழ கீறானா?"

நான் புத்தகப் பையை இறுக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். "ஞாயித்துக்கெழம கோயிலாண்ட வரச் சொல்லு ஒங்கப்பன. இல்லாங்காட்டி ஆள வுட்டுத் தோண்டிப் பாத்துடலாம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் எல்லாரும் கலைந்தார்கள். ஏஜெண்டு செருப்போடு வாசற்படியில் நின்றான். உள்ளே சாவுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உபதேசியார் உட்கார்ந்திருந்தார். நைனா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். நைனா வாயைத் திறக்குமுன், "ஒன்ன யாரு கேட்டா? அந்தப் படிச்ச பொண்ணு சொல்லட்டும். அது பொய் சொல்லாது" என்றான் ஏஜெண்டு.

உபதேசியார் என்னைப் பார்த்தார். "ஒங்க பெரியப்பா சவரிமுத்து செத்துட்டாரா, கண்ணு?"

"செத்துட்டாருங்க ஐயா. வருசா வருசம் மெழுகுவத்தி ஏத்தறோம்" என்றேன்.

ஏஜெண்டு அசையவில்லை. அது போதவில்லை என்று எனக்குத் தெரிந்தது. யாரும் சொல்லாமலே பீடத்தின் முன்னால் முழந்தாளிட்டேன். பெரியப்பாவின் பெயரை முழுதாகச் சொல்லி, இளைப்பாற்றி ஜெபத்தை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரு சொல் தடுக்காமல், பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல் கணீரென்று சொல்லி முடித்தேன். பத்துப் பன்னிரண்டு வருஷமாக அவருக்காக அம்மா வாயில் வராத ஜெபம். கண்ணைத் திறந்தபோது படியில் ஏஜெண்டு இல்லை.

உபதேசியார் பேனாவை எடுத்து, பெரியப்பாவின் பெயரையும் வாந்திபேதி என்பதையும் எழுதினார். சாட்சிக்கு நைனா பெருவிரலை வைத்தார். அதன் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். எங்கள் குடும்பத்திலிருந்து ஒருவர் ஒரு புத்தகத்தில் போட்ட முதல் கையெழுத்து அது. மை காயும்வரை ஊதிக்கொண்டிருந்த உபதேசியார், எங்களை நிமிர்ந்து பார்க்காமல், "அன்னிக்கு நான் வந்திருக்கணும். வர்ல. இனிமே அவன யாரும் தேட மாட்டாங்க" என்றார்.

பயம் அத்தோடு போகவில்லை, வேறு பக்கம் திரும்பியது. "உசுரோட கீறவனுக்குச் சாவு ஜெபம் சொல்லிட்டியேடி" என்று அம்மா என்னோடு பேசுவதை விட்டாள். சொன்ன ஜெபம் பலித்துவிடுமோ என்று நான் தினமும் சூலூர்ப்பேட்டைப் பக்கமிருந்து வரும் ரயிலின் சத்தம் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டேன். ஈஸ்டர் முடிந்து, மாம்பழம் விற்க வந்த ஒரு தூரத்துச் சொந்தக்காரி, அவர் நன்றாக இருக்கிறார், இருமல் மட்டும் விடவில்லை என்று சொன்ன பிறகுதான் அம்மா என் தலையைத் தொட்டு எண்ணெய் வைத்தாள்.

பதினெட்டு வருஷம் கழிந்து, இன்று நான் பொன்னேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறேன். எங்கள் ஊர் வயல்களில் பாதி தொழிற்பேட்டைக்குள் போய்விட்டது. களம் இருந்த இடத்தில் இரும்பு உருக்குகிறார்கள். பெரிய வீட்டை விற்று இடித்துவிட்டார்கள். ஏஜெண்டு செத்துப் பல வருஷமாகிறது, நைனா வேலை பார்க்கும் கம்பெனி வாசலில் அவன் மகனும் அவரோடு வரிசையில் நின்று வருகைக் கார்டு அடிக்கிறான். உபதேசியாரும் இல்லை.

போன மாதம் பெரியப்பாவை வரவழைத்தோம். கம்பெனியில் வாட்ச்மேன் வேலைக்கு நைனா சொல்லி வைத்திருந்தார். வயதுக்கு அத்தாட்சியாக ஞானஸ்நானச் சான்று வேண்டும் என்றார்கள். புதிதாக வந்திருக்கும் இளம் சாமியார், ஞானஸ்நானப் புத்தகத்தில் பெரியப்பாவின் பெயரைக் கண்டுபிடித்து, ஓரத்தில் 'இறந்தார்' என்றிருந்த குறிப்பைப் பார்த்து, சாவுப் புத்தகத்தையும் எடுத்துப் புரட்டினார். "இவர் இறந்துவிட்டாரே? சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் இருந்தால் வரச் சொல்லுங்கள், அடித்துத் திருத்தித் தருகிறேன்" என்றார்.

"அது என் கையெழுத்துதான் சாமி" என்றேன். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் பேனாவைத் திறந்தார்.

வாசலிலேயே துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற பெரியப்பா, "அடிக்காதீங்க சாமி" என்றார்.

"பெரிய வூட்ல யாரும் இல்ல பெரியப்பா. ஏஜெண்டும் இல்ல" என்றேன்.

"தெரியும் கண்ணு. தெரிஞ்சிக்கினுதான் ரயிலேறுனேன். எறங்குனதும் காலு நடுங்குது." புத்தகத்தை மூடச் சொல்லிக் கையைக் காட்டினார். "நீ எழுதி வச்சேன்னு சேதி வந்தப்புறந்தான் நான் கண்ண மூடித் தூங்குனேன். இருக்கட்டும். எனக்குச் சூளையே போதும்."

மாலை ரயிலிலேயே போய்விட்டார். எங்கள் வம்சத்தை நான் மறுபடியும் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஆறு தலைமுறைவரை போயாயிற்று, என் மாணவிகளுக்கும் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறேன். வீட்டில் கேளுங்கள், எழுத்தோடு சரிபாருங்கள், ஆனால் கண்டதை ஊரில் சொல்லுமுன் வீட்டில் இன்னொரு முறை கேளுங்கள் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கட்டுமா என்று நைனாவிடம் கேட்டபோது, அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அதன்படிதான் செய்திருக்கிறேன். சவரிமுத்து என்பது என் பெரியப்பாவின் பெயர் அல்ல.